மங்காத பல்பு

பிள்ளையார்பாளையத்துக்கு வந்து திருஞானசம்பந்தம் வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு ஒரு திருஞானசம்பந்தத்தைக் காட்டுவார்கள். எல்இடி சம்பந்தம் என்று கேட்டால்தான் சரியான ஆளிடம் போய்ச் சேரலாம். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து, தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் அடி வாங்கி, மைக் செட்காரரிடம் ஒயர் சுருட்டப் போய், கடைசியில் சொந்தமாகக் கடை வைத்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கர் கட்ட அவர்தான் வருவார். கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

மனுஷர்களில் சம்பந்தத்துக்கு எதிரி என்று யாரும் இல்லை. இருந்த ஒரே எதிரி, உள்ளே கம்பி சிவந்து எரிகிற பழைய பல்பு. அதற்குக் காரணம் இருந்தது. வாலிப வயதில் ஒரு பங்குனித் திருவிழாவில் சாமி புறப்படப் போகிற நேரம் பார்த்து, அவர் கட்டியிருந்த சீரியல் செட்டில் ஒரே ஒரு பல்பு ஃபியூஸ் போய், அலங்கார வளைவு மொத்தமும் இருட்டிவிட்டது. ஏணி மேல் ஏறி ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கீழே நின்று ஊரே திட்டியது. அவரைத் திட்டியதோடு நிற்காமல் வீட்டில் இருந்த அவருடைய அம்மாவையும் இழுத்துத் திட்டினார்கள். அன்றைக்கு ஏணியில் வைத்தே அவர் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது.

அதனால் எல்இடி வந்தபோது சம்பந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனைப் பிள்ளையாருக்கு மாற்றினார். ஸ்கூட்டருக்கு மாற்றினார். கேட்டவர்கள் வீட்டிலும் மாற்றினார், கேட்காதவர்கள் வீட்டிலும் மாற்றினார். கடையில் கிடந்த கம்பி பல்புகளை எல்லாம் வாரிக் காயலான் கடைக்குப் போட்டார். "இதுக்கு சாவே கிடையாதுபா" என்று புது பல்பை ஒவ்வொருவர் கண்ணுக்கு நேராகவும் பிடித்துக் காட்டுவார். அவருடைய மனைவி துர்காதேவி மட்டும், "சாமி அலமாரில கைய வச்சீங்களோ, அப்பறம் சோறு கெடையாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காமாட்சி விளக்கு அவர் கைக்குத் தப்பியது அப்படித்தான்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கும். சுவிட்சைப் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். கரன்ட் வந்துவிட்டது என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது என்றுதான் சம்பந்தம் நினைத்திருந்தார். சுற்றுவட்டாரத்து மெல்லிசைக் குழுக்களின் ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த அந்த விளக்குகளையும் ஒவ்வொன்றாக எல்இடி ஆக்கிவிட்டார். பாக்கி இருந்தது ராஜவேலுவின் பொட்டி ஒன்றுதான்.

ராஜவேலு அவருக்கு இடுப்பில் அரைஞாண் கட்டியிருந்த காலத்திலிருந்து கூட்டாளி. பகலில் தறி நெய்வான், சாயங்காலம் கிட்டார் வாசிப்பான், திருவிழா என்றால் ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடை ஏறுவான். மெட்ராசில் ஒரு ஓட்டல் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அவருடைய பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயரை ராஜவேலு வாங்கி வந்தான். இரண்டு பேரும் அதை பஸ் கூரை மேல் ஏற்றி, மழை வந்துவிடுமோ என்று வழியெல்லாம் பயந்து, காஞ்சிபுரத்தில் இறக்கினார்கள். பெரிய டிரங்குப் பெட்டி அளவில் இருந்த அதை ராஜவேலு பொட்டி என்றுதான் சொல்வான். முகப்பில் பட்டை தீட்டின சிவப்புக் கண்ணாடிக் கல், அதற்குப் பின்னால் விரல் நுனி அளவுக்கு ஒரு பல்பு. கல் எரிந்தால் பொட்டிக்கு மூக்குத்தி போட்ட மாதிரி இருக்கும்.

ராஜவேலுவின் மனைவி அம்சவேணிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனது. கிட்டார்காரனுக்குக் காது கேட்காத பெண்ணா என்று கல்யாணத்தின்போது கேலி செய்தவர்கள் உண்டு. அதற்கு ராஜவேலு, "வீட்ல ஒருத்தராவது என் தப்ப கண்டுபுடிக்காம இருக்கட்டுமே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அவர்கள் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு வாய் அடைத்துப்போகும். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் இரண்டு பேர் வேண்டும். அவன் மிதியை மிதித்து, நூல் சுற்றிய உடல் நாடாவை எறிவான். அவனுடைய தோள் அசைவதைப் பார்த்தே அவள் கரை நாடாவை விடுவாள். மற்றவர்கள் வாயால் ஏவி, திட்டி, கத்திச் செய்கிற வேலையை இவர்கள் ஒரு சத்தமில்லாமல் செய்து முடிப்பார்கள். சம்பந்தம் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவள் அந்த உதட்டசைவை அடையாளம் கண்டு திரும்புவாள்.

சாயங்காலம் தறி நின்றதும் ராஜவேலு பொட்டிக்குப் பின்புறமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பான். அவள் தறிக்குழி ஓரத்தில், பொட்டியின் முகப்பைப் பார்த்தபடி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்வாள். கடைசிவரை எழுந்து போக மாட்டாள். கேட்காத பாட்டுக்கு இவள் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று சம்பந்தம் ஒருதரம் கேட்டதற்கு, "என் விரல பாத்துக்கினு இருப்பா மச்சான். அதுல ஒரு சந்தோசம் அவளுக்கு" என்றான் ராஜவேலு. அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்தப் பொட்டியில் ஒரு குறை இருந்தது. ராஜவேலு கொஞ்சம் அழுத்தி வாசித்தால் பொட்டி கரன்டை இழுக்கும். இழுக்கிற அந்த நொடியில் மூக்குத்தி லேசாக மங்கி, மறுபடி தெளியும். பழைய டிரான்ஸ்ஃபார்மர், தெருவிலோ எப்போதும் குறைந்த வோல்டேஜ். பாட்டு முழுக்க அந்தச் சிவப்புக் கல் இப்படித்தான் மங்கித் தெளிந்துகொண்டிருக்கும். சம்பந்தத்துக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும். "மாத்திடறேன்டா, பாக்க சகிக்கல" என்பார். "எரியறத எதுக்கு மாத்தற? அது போவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று ராஜவேலு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

பொட்டி நன்றாக இருக்கும்போதே ராஜவேலுவுக்கு நுரையீரலில் கோளாறு வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வைத்தார்கள். ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சத்யப்ரியா கைக்குழந்தையோடு வருவதும் போவதுமாக இருந்தாள். தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றது.

ஒருநாள் சம்பந்தம் பார்க்கப் போனபோது ராஜவேலு கையைப் பிடித்துக்கொண்டான். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"மச்சான், பொட்டில லைட்டு போச்சு. சவுண்டு வருது, லைட்டு மட்டும் வரல. பாத்துக் குடு. ஒருதரம் அவளுக்கு ஒக்காந்து வாசிச்சுக் காட்டணும். லைட்டு இல்லாம பொட்டி செத்த மாதிரி இருக்குது."

"இதுக்கா இப்டி கைய புடிக்கிற? நாளைக்கே குடுக்கறேன்" என்று சம்பந்தம் பொட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.

மற்ற எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் அவர் அவ்வளவு பாசமாக வேலை செய்ததில்லை. உள்ளே படிந்திருந்த தூசியைத் துடைத்தார். சிவப்புக் கல்லைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். கண்ணாடி கறுத்துப்போன பழைய பல்பைத் தூக்கி எறிந்துவிட்டு எல்இடி வைத்தார். வெறும் எல்இடி வைத்தால் அதுவும் வோல்டேஜுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மங்கக்கூடும் என்று, எது ஏறினாலும் இறங்கினாலும் ஒரே சீராக எரிய வைக்கிற சின்ன சர்க்யூட் ஒன்றையும் உட்கார்ந்து செய்து சேர்த்தார். சாகப்போகிற நண்பனுக்குச் சாகாத ஒரு விளக்கைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

கொண்டுபோய் வைத்து சுவிட்சைப் போட்டதும் மூக்குத்தி பளிச்சென்று எரிந்தது. அம்சவேணி முகம் மலர்ந்து கை தட்டினாள்.

"மச்சான், இனிமே இது கண்ணு சிமிட்டாது. இதுக்கு சாவே கிடையாது" என்றார் சம்பந்தம்.

"எனக்கு முன்னாடி போவாம இருந்தா சரி" என்றான் ராஜவேலு.

இருந்து கேட்டுவிட்டுப் போ என்று அவன் சொன்னான். ஆனால் ஓரிக்கையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பீக்கர் கட்ட வேண்டியிருந்ததால் சம்பந்தம் கிளம்பிவிட்டார். அந்த வாரமே ராஜவேலு போய்ச் சேர்ந்தான்.

எடுக்கிற அன்று பாடைக்கு மூங்கில் வந்து இறங்கும்போது பக்கத்து வீட்டு வீராசாமி சம்பந்தத்தை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னார். அவரும் தறிக்காரர்தான்.

"நீ பொட்டிய குடுத்துட்டுப் போனியே, அன்னிக்கு சாயங்காலம் வாசிச்சாம்பா. இன்னா சவுண்டு! நானு தறிய நிறுத்திட்டு வெளிய வந்து நின்னுட்டேன். தெருவே வந்து நின்னுச்சு. அவன் எப்பவும் மொதல்ல எடுப்பானே, அந்தப் பாட்டு. பாதி போச்சு, அப்டியே நின்னுபோச்சு. மூச்சு முடியல போலக்குது பாவம்."

சம்பந்தம் அதைக் கேட்டு அழுதார். பாதியாவது வாசித்தானே என்று அழுகையிலேயே ஒரு ஆறுதலும் வந்தது. அவள் பக்கத்திலேயே இருந்தவள்தானே என்று இதை அம்சவேணியிடம் யாரும் சொல்லவில்லை. சத்யப்ரியா சாவுக்கு வந்து இறங்கியதிலிருந்து அழுகையிலும் குழந்தையிலுமாக இருந்தாள்.

ராஜவேலு உயிர் பிரிந்த இடத்தில், கட்டிலை எடுத்துவிட்டு, சொம்புத் தண்ணீரும் அகல் விளக்கும் வைத்தார்கள். கருமாதிவரை அது அணையக் கூடாது. அம்சவேணி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை. காற்றில் சுடர் ஆடினால் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருமாதி முடிந்து பந்தி எழுந்த பிறகு, பொட்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. குழுவுக்கே கொடுத்துவிடலாம், அப்பா பேரைச் சொல்லி யாராவது வாசிக்கட்டும் என்றாள் சத்யப்ரியா. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று சம்பந்தம் சுவிட்சைப் போட்டார். மூக்குத்தி எரிந்தது. அவர் வழக்கமாகச் செய்கிறபடி கிட்டாரை எடுத்து, எந்தக் கட்டையும் பிடிக்காமல், வெறும் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தார். கூடமே அதிர்ந்தது. துர்காதேவி, "மெதுவாங்க" என்று காதைப் பொத்தினாள்.

தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்சவேணி எழுந்து வந்தாள். துர்காதேவி காதைப் பொத்தியதை அவள் பார்த்திருந்தாள். சிவப்புக் கல்லைக் காட்டினாள். பிறகு இன்னும் எரிந்துகொண்டிருந்த அகல் விளக்கைக் காட்டி விரல்களை நடுக்கினாள். மறுபடி கல்லைக் காட்டி முஷ்டியை இறுக்கி அப்படியே அசையாமல் நீட்டினாள். சம்பந்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்யப்ரியாவுக்கு அம்மாவின் கை பேசுவது எல்லாம் புரியும். அவள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"மாமா, இது ஏன் அசையலன்னு கேக்கறாங்க. அப்பா வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கல்லு மங்கி மங்கி எரியுமாம். அம்மா அதத்தான் பாத்துக்கினு இருப்பாங்களாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

"தரைல அதிர்வு தெரியுமேம்மா" என்றார் சம்பந்தம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ரெண்டு பக்கமும் தறி ஓடிக்கினு இருந்தா தரை எப்பவும் அதிரத்தானே செய்யும் மாமா? அத நம்ப முடியாதாம். இந்த லைட்டு ஒண்ணுதான் அப்பாவுதுன்னு தெரியுமாம்."

அம்சவேணியின் கைகள் நிற்காமல் பேசின. கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வது போலக் காட்டினாள். விரல்களைக் காற்றில் லேசாக, பலமில்லாமல் ஆட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். மகளின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கடசியா வாசிச்சாரே, அன்னிக்கு லைட்டு அசையவே இல்லியாம். கைல தெம்பு இல்ல, சவுண்டே வரல, எனக்காக சும்மா விரல ஆட்டிக் காட்டிக்கினு இருக்காருன்னு நெனச்சாங்களாம். பாக்க முடியலியாம். அதான் கைய புடிச்சு நிறுத்தி கிட்டார வாங்கி வச்சிட்டாங்களாம். அப்பா சிரிச்சாராம்."

சம்பந்தம் வாயைத் திறந்தார். "வோல்டேஜ்..." என்று ஆரம்பித்தார். வேலை இருக்கிறது என்று செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கோழை என்றால் கோழைதான். அந்த நேரத்தில் அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

வீட்டில் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த துர்காதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு முடியாமல் நிறுத்தவில்லை, அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். தெருவே நின்று கேட்டிருக்கிறது. யாருக்காக வாசித்தானோ அவளுக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அந்த விளக்கை அசையவிடாமல் செய்தது தன்னுடைய கை.

"ஊர்ல அத்தினி பேர் பல்பயும் மாத்தினீங்க. அவரு வேணாம் வேணாம்னு இத்தினி வருசம் சொன்னாரு" என்றாள் துர்காதேவி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டாள். "அவகிட்ட சொல்லாதீங்க. தெம்பு இல்லாம போயிட்டார்னு நெனச்சுக்கினு இருக்கா, இருக்கட்டும். நல்லா வாசிச்சுக்கினு இருந்தவர நாமதான் புடிச்சு நிறுத்திட்டோம்னு தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்குமா?"

"சொல்லலன்னா? கட்ன புருசன் கடசில தன்ன ஏமாத்திட்டுப் போனான்னு இல்ல நெனச்சுக்கினு இருப்பா? அவன் ஏமாத்தலடி. அவன் வாசிச்சான்."

துர்காதேவி அடுப்படிக்குப் போனாள். சாதம் போட்டாள், அவர் தொடவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குன்னா நான் தெரிஞ்சுக்கணும்னுதான் நெனப்பேன்" என்றாள்.

சொல்வது என்றால் வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அம்சவேணி கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பழைய கம்பி பல்பு வேண்டும். மறுநாள் காலையில் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றாவது மிஞ்சியிருக்குமா? காயலான் கடையில் போய்க் கேட்டதற்கு, "நீதானே அண்ணா மூட்டையா கொண்டாந்து கொட்டின" என்று சிரித்தான். மெல்லிசைக் குழுக்களில் கேட்டால் எல்லாமே அவர் கையால் மாற்றியவை. ஊரில் ஒரு கம்பி பல்பு விடாமல் ஒழித்துக்கட்டிய மகானுபாவர், இன்று ஒரே ஒரு பல்புக்குப் பிச்சைக்காரன் போல அலைந்தார்.

கடைசியில்தான் ஸ்ரீபாலன் நினைவுக்கு வந்தார். திருப்பருத்திக்குன்றத்தில் ஜைனர் கோயிலுக்குப் பக்கத்து வீடு. அவர் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதில் முள் ஓடுகிற கண்ணாடிக்குப் பின்னால் இதே பல்புதான் எரியும். எல்இடி போட்டுத்தருகிறேன் என்று சம்பந்தம் போனபோது, "அது பாட்டுக்கு எரியுது. உனக்கு இன்னாபா அது மேல கோவம்?" என்று திருப்பி அனுப்பிய ஒரே மனுஷர். அன்றைக்கு வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்திருந்தார் சம்பந்தம். இன்று விஷயத்தைச் சொன்னதும் ஸ்ரீபாலன் மறுபேச்சு இல்லாமல் ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி நகர்ந்துகொண்டார். "நீயே எடுத்துக்கோ. பாத்து, சூடா இருக்கும்" என்றார். சம்பந்தம் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை மேடு பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் துர்காதேவியையும் அழைத்துக்கொண்டு போனார். அம்சவேணி தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், இன்னும் ஆரணிக்குத் திரும்பாத சத்யப்ரியா பக்கத்தில் இருந்தாள். அவள் எதிரிலேயே பொட்டியைத் திறந்து, எல்இடியையும் அந்தச் சர்க்யூட்டையும் பிடுங்கி எடுத்து, கம்பி பல்பைப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டார். கல் பழைய சிவப்பில் எரிந்தது. பொட்டிக்குப் பின்னால் ராஜவேலுவின் ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்துக்கொண்டபோதுதான் ஒன்றைக் கவனித்தார். அங்கிருந்து பார்த்தால் பொட்டியின் முகப்பே தெரியவில்லை. அவள் தன் விரலைத்தான் பார்க்கிறாள் என்று ராஜவேலு கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்ததில் ஆச்சரியமே இல்லை.

வெறும் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தார். அம்சவேணி வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

"சத்யா, அம்மாகிட்ட நான் சொல்றத அப்டியே சொல்லு" என்றார் சம்பந்தம். "அன்னிக்கு நான் பல்ப மாத்திட்டேன். நான் வச்ச பல்பு எதுக்கும் மங்காது. அப்பா நல்லாத்தான் வாசிச்சான். வீராசாமி கேட்டாரு, தெருவே கேட்டுச்சு. எப்பவும் மொதல்ல எடுக்கற பாட்டு, பாதி வரைக்கும். அவன் கைல தெம்பு இருந்துச்சு. தப்பு என்னுது. தங்கச்சி, தப்பு என்னுது."

சத்யப்ரியாவின் கைகள் பாதியில் தடுமாறின. அவளுக்கும் இது அப்போதுதான் தெரிகிறது. அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். வாசலில் நிழல் தட்டியது. கிட்டார் சத்தம் கேட்டு வீராசாமி வந்து நின்றிருந்தார். அம்சவேணி அவரைப் பார்த்தாள். அவர் தன் காதைத் தொட்டு, தெருவைக் கைநீட்டிக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவனுடைய கையைப் பிடித்து நிறுத்திய கை அது. அதைத் தறிமரத்தில் ஓங்கி அடித்தாள். துர்காதேவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அம்சவேணி அழுத அழுகையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? தன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருத்தியின் அழுகை. சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று சம்பந்தத்துக்கு ஒரு கணம் தோன்றியது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

அம்சவேணி துர்காதேவியின் பிடியை விலக்கிவிட்டு, அவரைப் பார்த்துக் கையால் தடுத்தாள். உட்கார் என்று காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தறிக்குழி ஓரத்தில் தன்னுடைய இடத்தில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு வலது கையை உயர்த்திச் சட்டென்று இறக்கினாள். சம்பந்தம் விழித்தார். மறுபடி உயர்த்தி இறக்கி, கிட்டாரைக் காட்டினாள்.

"நீங்க இழுக்கணுமாம் மாமா. கை எறங்கும்போது" என்றாள் சத்யப்ரியா.

அவள் கை இறங்கியது, அவர் இழுத்தார். கல் மங்கித் தெளிந்தது. அவள் தலையாட்டினாள். அடுத்து இரண்டு சின்ன இறக்கம், ஒரு நீளம். பிறகு சும்மா இருந்தாள். பிறகு மூன்று, அடுத்தடுத்து. தோளைப் பார்த்து நாடா விட்டவள் இப்போது தன் கையைக் காட்டி ஒருவரை வாசிக்க வைத்தாள். சம்பந்தத்துக்குக் கிட்டார் தெரியாது. சுருதி கூட்டாத வெறும் கம்பிகள் நாராசமாக அலறின. ஆனால் நாலைந்து இறக்கம் போனதும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளம் அவருக்குத் தெரிந்த தாளம். ஒவ்வொரு திருவிழா மேடையிலும் ராஜவேலு முதலில் எடுக்கிற அதே பாட்டு. அதுவும் தொடக்கத்திலிருந்து இல்லை. இரண்டாவது சரணம்.

வாசலில் வீராசாமி, "ஐயோ, அங்கேர்ந்துதாம்பா நின்னுது" என்று மெல்லச் சொல்லித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாதி என்று சம்பந்தம் சொன்னதை வைத்து, விட்ட இடத்திலிருந்து அவள் எடுத்திருந்தாள். அத்தனை வருஷம் ஒரு சிவப்புக் கல் மங்கித் தெளிந்ததைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றியதை, ஒன்று தப்பாமல், கையால் சொல்லிக்கொண்டு போனாள். அவர் கண் மறைக்க மறைக்க அவள் கையை மட்டும் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி இறக்கம் நீளமாக இருந்தது. கம்பிகளின் அதிர்வு முழுக்க ஓயும்வரை அவள் கையைத் தாழ்த்தியே வைத்திருந்து, பிறகு மடியில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அவளே பொட்டியின் சுவிட்சை அணைத்தாள். கம்பி பல்பு என்பதால் சட்டென்று போகவில்லை. ஒரு மூச்சு நேரம் சிவந்திருந்துவிட்டு அடங்கியது. அது அடங்கும்வரை அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.